மூணாம் நாள் சீம்பால்

எங்கள் தெருவில் மாடு வைத்திருந்தவர்கள் இரண்டே வீட்டுக்காரர்கள். ஒன்று நாங்கள், இன்னொன்று சுவரை ஒட்டிய அடுத்த வீட்டு பாய். பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், காலேஜ் பிள்ளைகள் ஸ்கூட்டரில் பறக்கிற தெருவில், மாடு வைத்துப் பிழைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சாணி நாற்றம் என்று மாடி வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். அதே ஆட்கள் விடிந்ததும் சொம்போடு வந்து, தண்ணீர் கலக்காமல் ஊற்றச் சொல்வார்கள். தண்ணீர் கலந்தால்தான் சாணி நாற்றம் போகும் என்று நான் பதில் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அந்த வாயால் வந்த வினையைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாய் டெய்லராக இருந்தவர். கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். அவருக்கு ஒரே மாடு, செவலை நிறத்து ஜெர்சி. தாயில்லாக் கன்றாக அதை வாங்கி வந்து, பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தது அவருடைய மனைவி. அவரை நாங்கள் எல்லோரும் பாயம்மா என்று கூப்பிடுவோம். பாயம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரைக்காலில் கட்டிக்கொடுத்த மகள் மாதம் ஒருமுறை வந்து, எதற்கு இங்கே தனியாகக் கிடக்கிறீர்கள், கிளம்புங்கள் என்று மல்லுக்கு நிற்பாள். ஒவ்வொரு முறையும் பாய் ஒரே பதிலைத்தான் சொல்வார். மாட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்? அதற்கு மேல் மகளால் பேச முடியாது. அந்தச் செவலை இருக்கிறவரைக்கும் பாய் எங்கள் தெருவில் இருப்பார் என்பது அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு அது பெரிய விஷயம். என் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். ஷிப்ட் முடிந்து வந்தால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் மூன்று சாப்பாட்டைப் பற்றியது. நான் மனுஷரோடு பேசியது என்றால் காலையும் மாலையும் பால் கறக்கிற நேரத்தில் பாயோடு பேசியதுதான். நடுவில் மார்பளவு சுவர். உட்கார்ந்து கறக்கும்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும் போகும் வரும். என் மூன்று மாடுகளும் சேர்ந்து கறப்பதை அவருடைய ஒற்றை மாடு கறந்துவிடும். அதை அவர் தினமும் ஞாபகப்படுத்துவார். உங்கள் மாடு கறப்பது பாலா, குழாய்த் தண்ணீரா என்று பால் சொசைட்டியில் கேட்டுச் சொல்லுங்கள் என்பேன் நான். உன் கேனை மூடியே கொண்டு போ, தேங்காய்த்திட்டு ஹார்பரில் பிடிக்காமல் விட்ட மீனெல்லாம் உன் பாலில்தான் நீந்துகிறது என்பார் அவர். தெருவில் போகிறவர்கள் சண்டை என்றே நினைப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் மாடு கன்று போட்டால் சீம்பாலை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாக வேண்டும். கன்று ஈன்றதும் முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கிற கெட்டியான மஞ்சள் பாலுக்குத்தான் சீம்பால் என்று பெயர். வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தால் இட்லி போல வெந்து நிற்கும். கொடுத்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு வெல்லமோ போட்டுத்தான் தருவார்கள். என் மாடு கன்று போட்டால் முதல் நாளே தெரு முழுக்கப் பாத்திரம் போய்விடும். நான் கொடுக்கும் லட்சணத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

பாய் வீட்டில் மட்டும் அது நடக்காது. பெருநாளுக்கு வீடு வீடாக பிரியாணி அனுப்பிய குடும்பம், அம்மை போட்ட வீட்டுக்கு இளநீர் குலையோடு போய் நின்ற மனுஷன், சீம்பால் என்று வந்தால் கையை மூடிக்கொள்வார். முதல் நாள் கிடையாது, இரண்டாம் நாள் கிடையாது. மூன்றாம் நாளுக்குமேல், வெறும் பாலாக நீர்த்துப் போனபிறகு, வீட்டுக்கு அரை டம்ளர் வரும். வெல்லம் போட்டு வைத்தால் கட்டாது, கஞ்சி மாதிரி ஓடும். 'மூணாம் நாள் பாய்' என்று தெருவில் பெயரே வைத்துவிட்டோம். வைத்தது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். தெருக்கோடியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சொல்தா வீட்டு ஐயா என்போம். அவர் பாயைப் பார்க்கும்போதெல்லாம் மாடு எப்போது கன்று போடும், அதற்கு மூன்று நாள் கழித்து நான் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்க வருகிறேன் என்பார். பாய் எல்லாவற்றுக்கும் சிரிப்பார். கன்று குடித்தது போகத்தான் ஊருக்கு என்று ஒருமுறை சொன்னார். கஞ்சனுக்கு ஆயிரம் காரணம் என்று நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொன்னேன்.

வேறு எதிலும் கஞ்சத்தனம் இல்லாத ஆள் இதில் மட்டும் ஏன் இப்படி என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். கிண்டல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது யார் யோசிக்கிறார்கள்?

போன மழைக்காலத்தில் பாய்க்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். செவலை அப்போது நிறைசினை, கன்று போட அதற்குப் பிறகும் பத்து நாள் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று மாலை சுவரோரம் வந்து வீட்டுச் சாவியைக் கொடுத்தார். தவிடு இருக்கிற இடம், தண்ணீர் காட்டுகிற நேரம் எல்லாம் சொன்னார். எனக்குத் தெரியாததைச் சொல்வது போலச் சொன்னார், நானும் பொறுத்துக்கொண்டு கேட்டேன். கடைசியில் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்.

"ஒருவேள முன்னாடியே கன்னு போட்டுட்டா, கன்ன மட்டும் ஊட்ட வுடு. நீ கறக்காத தங்கச்சி. நான் வந்து கறந்துக்கறேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூட சீம்பாலுக்குக் காவலா பாய்?" என்றேன்.

அவர் சிரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே செவலை கன்று போட்டது. ஒரு சிரமமும் இல்லை, கிடேரிக் கன்று. அரை மணியில் எழுந்து நின்று மடியைத் தேடியது. பாய்க்குப் போன் செய்தேன், மகள்தான் எடுத்தாள். அத்தாவை ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள், வந்ததும் சொல்கிறேன் என்றாள். கன்று குடித்து முடித்துப் படுத்துவிட்டது. மடி அப்போதும் கல்லாக விம்மிக்கொண்டு நின்றது.

நான் கறந்தேன். ஏன் கறந்தேன் என்பதற்கு நான் பலரிடம் சொன்ன காரணம், சீம்பாலை மடியில் தங்கவிட்டால் மடி கட்டிக்கொள்ளும் என்பது. முப்பது வருஷமாக மாடு வைத்திருக்கிறேன், என் மாடுகளை அப்படித்தான் கறந்தேன், ஒன்றும் ஆனதில்லை. ஆனால் அது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். பாய் இல்லாத நேரத்தில் பாய் பெயரைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு குறும்பு. வீடு திரும்பும்போது தெரு முழுக்க அவரைக் கொண்டாட வேண்டும், அவர் திருதிருவென்று விழிப்பதை நான் பார்க்க வேண்டும். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பிரியத்தில்தான் செய்தேன். அதனால் என் தப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கடைசிச் சொட்டுவரைக்கும் காம்பை உருவிக் கறந்தேன். அவர் வீட்டைத் திறந்து, பாயம்மா அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் தூக்குகளையே எடுத்தேன். பாத்திரத்தைப் பார்த்தாலே எந்த வீட்டுச் சீம்பால் என்று தெரியவேண்டும் அல்லவா. பதினொரு வீட்டுக்குக் கொண்டு போனேன். பாய் கொடுக்கச் சொன்னார் என்று பதினொரு வாசலிலும் பொய் சொன்னேன். யாரும் நம்பவில்லை, அப்புறம் மஞ்சள் நிறத்தைப் பார்த்து நம்பினார்கள். மாலையிலும் மடியை ஒட்டக் கறந்து டீக்கடைக்கும் ஒரு சொம்பு அனுப்பினேன்.

மறுநாள் காலை மாடு தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகிக்கொண்டது. பின்னங்கால்கள் லேசாகத் தள்ளாடின. காதைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது, சாரல் அடித்திருக்கும் என்று ஒரு சாக்கைப் போர்த்திவிட்டேன். போர்த்திவிட்டு அப்போதும் கறந்தேன். கொஞ்ச நேரத்தில் அது படுத்துக்கொண்டது. கழுத்தை வளைத்துத் தலையை விலாவின்மேல் சாய்த்து வைத்திருந்தது. கன்று ஈன்ற அலுப்பு, நன்றாகத் தூங்கட்டும் என்று கன்றைக்கூடத் தள்ளிக் கட்டினேன்.

பாய் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்ததால் ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிட்டது. ஒரு கண்ணில் பச்சைத் துணி தொங்க அவர் முன்னால் நடந்து வந்தார், மகள் பையோடு பின்னால். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்தா வீட்டு ஐயா கேட்டுக்கு வெளியே வந்து, "மெர்சி பாய், மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாய் நின்றார். அடுத்த வீட்டு டீச்சரம்மா ஏதோ சொன்னார், பாய் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். அதற்கடுத்த வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஆபரேஷனை விசாரித்து, டீயே கொடுத்துவிட்டார்கள். தோளில் தட்டினார்கள், அவர் என்னவோ பதில் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் இங்கிருந்து வாய் கொள்ளாமல் சிரித்தேன். நான் நினைத்ததைவிட நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

நான்காவது வீட்டு வாசலில் அந்த வீட்டுப் பெண் கழுவிய தூக்கைக் கையில் வைத்திருந்தாள். பாய் ஏதோ கேட்டார். அவள் விரலைத் தூக்கின் கழுத்தில் வைத்துக் காட்டினாள், இது நிறைய என்று. பாயின் முகம் அப்படியே வெளுத்துப் போனது. லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஓடாதீங்க அத்தா, கண்ணு, கண்ணு என்று மகள் பின்னால் கத்திக்கொண்டு வந்தாள். அவர் என்னைத் தாண்டிக்கொண்டு நேரே கொட்டகைக்குள் போனார்.

நான் போனபோது மாட்டின் காதைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். தலையை நேராக்கி வைத்தார், அது தானாக மறுபடி விலாப் பக்கம் மடங்கிக்கொண்டது.

"எத்தினி வாட்டி கறந்த?"

"மூணு வாட்டி."

பாய் எழுந்தார். மகளிடம் போனை வாங்கி மாட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரிடம் பாய் போனில் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. பல வருஷம் முன்னால், இரண்டாம் ஈற்றிலேயே செவலை இப்படி விழுந்திருக்கிறது. நிறையக் கறக்கிற மாட்டுக்குக் கன்று போட்டதும் உடம்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலில் இறங்கிவிடும், உடம்பு ஜில்லிட்டுக் கால் விழுந்துவிடும். அப்போது பாயம்மா உயிரோடு இருந்தார். இருவருமாக டாக்டரை வரவழைத்து, கால்சியம் ஏற்றி, யாருக்கும் தெரியாமல் எழுப்பிவிட்டார்கள். முதல் மூன்று நாள் மடியை ஒட்டக் கறக்கவே கூடாது, கன்று குடிப்பது போக லேசாக எடுத்தால் போதும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார்.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? பதில் எனக்கே தெரியும். மாடு வைத்திருக்கிறவர்கள் மாட்டின் குறையை வெளியே விடமாட்டோம். விழுந்த மாடு என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அதன் கன்றைக்கூட யாரும் தொடமாட்டார்கள். கண்ணேறு பயம் வேறு. என் மாடு ஒன்று இரண்டு முறை குறைமாதத்தில் கன்று வீசியதை நான் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டதில்லை. அவர் கஞ்சன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு மாட்டின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். நான் அந்தப் பெயரைத் துடைக்கிறேன் என்று கிளம்பியிருக்கிறேன்.

டாக்டர் எங்கேயோ கிராமத்தில் இருந்தார். வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, மருந்து பாட்டிலை என் கையில் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நடுவில் ஒருமுறை மாடு ஏப்பம் விட்டது, உடம்பில் ஒரு நடுக்கம் ஓடியது. அது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். பாய் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு எழுந்திரு, எழுந்திரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாட்டில் பாதிகூட இறங்கவில்லை. கழுத்து நீண்டது, அவ்வளவுதான். ரொம்பத் தாமதமாகிவிட்டது என்று டாக்டர் ஊசியை உருவினார். நான் பாட்டிலைக் கீழே இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருந்தேனாம், மகள்தான் வந்து வாங்கினாள்.

அன்று மாலை பாத்திரங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. விஷயம் தெரியாமல் சிலர் சிரித்த முகத்தோடு வந்தார்கள். தூக்கில் அரிசி இருந்தது, வெல்லம் இருந்தது, ஒருவர் பூவும் வைத்திருந்தார். கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டு, சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். பாயம்மாவின் தூக்குகள் வரிசையாக அங்கேயே இருந்தன. எடுத்து உள்ளே வைக்க எனக்கும் கை வரவில்லை, பாய்க்கும் வரவில்லை. என் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் தெரிந்தவர் கொல்லையில் இடம் கேட்டு, குட்டியானை வண்டி பிடித்து, மாட்டைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். அன்றைக்கும் அவர் அதிகம் பேசவில்லை. என்னைப் பார்த்து, சாப்பிடு என்றார்.

கன்று என் வீட்டுக்கு வந்துவிட்டது. என் மாட்டுப் பாலைப் பாட்டிலில் ஊற்றிப் புகட்டினேன். மகள் அப்பாவிடம் பழைய கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்டாலும் சொல்ல அவரிடம் பழைய பதில் இல்லை. ஒரு வாரத்தில் துணிமணிகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வாரமும் நான் பால் கறக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பாய் திட்டுவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். தெருவில் நின்று கத்தியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் வாசலில் பார்க்கும்போது கன்று குடித்ததா என்று மட்டும் கேட்பார், போய்விடுவார்.

கிளம்புகிற நாள் காலையில் நானே போனேன். அவர் காலிக் கொட்டகையில், கழுவிவிட்ட தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போங்க. கறக்காதன்னு நீங்க சொல்லியும் கறந்தேன்."

அவர் நிமிர்ந்தார். ஆபரேஷன் செய்த கண்ணைக் கூச்சத்தில் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சொல்தா வீட்டு ஐயா கையப் புடிச்சாரு பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சு, நீ கறந்துட்டன்னு" என்றார். "அப்பவே ஓடியாந்திருக்கணும். ஆனா எல்லாரும் நல்ல பேரு சொன்னாங்களா, காது குளிர்ந்துபோச்சு தங்கச்சி. கொஞ்சமா எடுத்திருப்ப, ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கு நானே சொல்லிகினு, மூணு வாசல்ல நின்னு வாங்கிகினேன். உக்காந்து டீ வேற குடிச்சேன். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துல டாக்டரக் கூப்பிட்டிருந்தா அது எழுந்திருக்கும். உன்ன நான் இன்னா சொல்லித் திட்றது?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் பைகளை ஏற்றினாள். பாய் எழுந்து, தெருவில் யார் பக்கமும் திரும்பாமல் போய் ஏறிக்கொண்டார்.